இல்லாத வலிக்கு ஞாயிறு வைத்தியம்

ஞாயிற்றுக்கிழமைக்குள் தன் முதுகு வலியைக் குணப்படுத்திவிடுவது என்று மெத்தை மேனேஜர் வெள்ளிக்கிழமை காலையில் பல் தேய்க்கும்போது முடிவெடுத்தார். அதில் பெரிய சிரமம் இருக்காது என்றுதான் நினைத்தார். இருக்கிற வலியைப் போக்கத்தான் வைத்தியரும் மருந்தும் வேண்டும். இல்லாத வலியைப் போக்க ஒரு நல்ல பொய் போதும். பொய்க்கு அவரிடம் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை.

அந்த வலி பிறந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால், இந்த முதல் மாடி வீட்டுக்குக் குடிவந்த அன்று, சாமான் தூக்குகிறவர்கள் அவர் மனைவியின் இரும்பு பீரோவைப் படியேற்றிக் கொண்டுவந்து, ஹால் ஜன்னலுக்கு முன்னால் தொப்பென்று இறக்கி வைத்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஹாலில் இருப்பதே அந்த ஒரு ஜன்னல்தான்.

"ஒரு கை பிடிங்க, படுக்கையறைக்குத் தள்ளிடலாம்" என்றாள் மனைவி.

மேனேஜர் கை வைத்தார். பீரோ எவ்வளவு கனம் என்று அவர் கை மூளைக்குச் சொன்னது. மூளை வாய்க்குச் சொன்னது. வாய் "ஐயோ அம்மா!" என்று அலறியது. அந்த அலறலில் பீரோவே ஓர் அங்குலம் நகர்ந்திருக்கும். அவர் நகரவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து அவர் முதுகு அந்த வீட்டில் ஒரு பெரிய மனிதரைப் போல மரியாதையோடு வாழ்ந்தது. தண்ணீர் கேன் தூக்கக் கூடாது. கேஸ் சிலிண்டர் பக்கம் போகக் கூடாது. பக்கெட், பரண், மளிகைப் பை எதுவும் ஆகாது. உறவுக்காரர்கள் வீட்டு விசேஷமா? அவ்வளவு தூரம் பஸ்ஸில் உட்கார முடியாது. எதிர்வீட்டு அம்மாள் படியில் பார்க்கும்போதெல்லாம் "பாவம், இந்த வயசுல!" என்று உச்சுக் கொட்டினாள். மேனேஜர் அந்தப் 'பாவ'த்தை ஒரு பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டு மெல்ல இறங்குவார்.

ஒரே ஒரு நஷ்டம். முதுகு வலிக்காரன் மெத்தையில் படுக்கக் கூடாதாமே, பலகையில்தான் படுக்க வேண்டுமாமே என்று மனைவி எங்கோ கேட்டுவந்து, ஒரு பலகையை வாங்கிப் போட்டுவிட்டாள். கம்பெனி அவருக்குக் கொடுத்த உயர்ந்த ரக மெத்தையில் அவள் கையைக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள். மெத்தை விற்கிற மேனேஜர் பலகையில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது வீட்டுக் கதை. ஆபீஸ் கதை நேர் எதிர்.

அவர் கம்பெனி விற்பது சாதாரண மெத்தை இல்லை. முதுகுத்தண்டைக் காக்கும் மெத்தை. கம்பெனியின் விளம்பரப் பலகையில் ஒரு முதுகெலும்பு நெட்டுக்குத்தலாக நின்று சிரிக்கும். அப்படிப்பட்ட இடத்தில் மேனேஜருக்கே முதுகு வலி என்றால், பல் டாக்டருக்கே பல் இல்லாத மாதிரி. அதனால் ஆபீஸில் அவர் பெயர் 'இரும்பு முதுகு'. நிமிர்ந்து நடப்பார். நாற்காலியில் சாயமாட்டார். வீட்டு வாசலில் கூனி இறங்குகிற மனிதர், தெரு முனை திரும்பியதும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்.

முதலாளிக்கோ கோல்ஃப் என்றால் உயிர். தன்னோடு கோல்ஃப் ஆடுகிறவனைத்தான் அவர் மனிதன் என்று நம்புவார். மேனேஜர் உடனே நம்பத்தகுந்த மனிதராகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை தோறும் மைதானம். வீட்டில் என்ன சொல்வது? முதுகுக்குத் தெரபி என்று சொன்னார். மனைவியும் வெந்நீர்ப் பையில் சூடாக நிரப்பி, துண்டு ஒன்றும் வைத்து அனுப்புவாள். "ஆறிடறதுக்குள்ள வந்துடறேன்மா" என்று கிளம்புவார். திரும்பி வரும்போது பை சில்லென்று இருக்கும். கோல்ஃப் பை காரின் டிக்கியில் பழைய போர்வைக்கு அடியில் தூங்கும்.

மைதானத்தில் ஒரு கோச் இருந்தார். இளம் வயதில் கண்டபடி மட்டையைச் சுழற்றி முதுகைக் கெடுத்துக்கொண்டு, பிறகு தேறியவர். அதனால் அவருக்குப் பந்து எங்கே போகிறது என்பது முக்கியமில்லை. ஆடுகிறவன் முதுகு எங்கே போகிறது என்பதுதான் முக்கியம்.

"சார், பந்து இன்னிக்குக் குழிக்குள்ள போகலைன்னா நாளைக்குப் போகும். முதுகு போச்சுன்னா போனதுதான்" என்பார். "ஆடறதுக்கு முன்னாடி உடம்பைத் திருப்பி, நீட்டி, சூடு பண்ணிக்கணும். பையை ஒத்தைத் தோள்ல மாட்டக் கூடாது. நிக்கும்போது முதுகு கூனாம இடுப்புல மடங்கணும். முக்கியமா, குழியிலேருந்து பந்தை எடுக்கறப்போ! பந்தை அடிச்சு முதுகை உடைச்சுக்கிட்டவனை விட, அதைக் குனிஞ்சு எடுத்து உடைச்சுக்கிட்டவன்தான் சார் அதிகம்."

பந்தை எடுப்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். மட்டையை ஊன்றிக்கொள்ள வேண்டும். ஒரு காலை நேராகப் பின்னால் நீட்டித் தூக்க வேண்டும். முதுகு வளையாமல், உடம்பு மொத்தமும் தராசுத் தட்டு மாதிரி முன்னால் சாய, கை குழிக்குள் போய்ப் பந்தை எடுத்து வர வேண்டும். பார்க்கக் கொக்கு மீன் பிடிக்கிற மாதிரி இருக்கும். முதலாளிக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. மைதானத்தில் அத்தனை பேரையும் கொக்காக்கிவிட்டார்.

மேனேஜர் கோல்ஃபில் சுமார். ஆனால் கொக்கில் முதல் தரம். இல்லாத வலிக்காக வீட்டில் முதுகைப் பாதுகாத்தார். வராத வலிக்காக மைதானத்தில் பாதுகாத்தார். உலகத்திலேயே இவ்வளவு காவல் போட்ட முதுகு வேறு இருந்திருக்காது.

வியாழக்கிழமை முதலாளி கூப்பிட்டுச் சொன்னார்: "இந்த ஞாயித்துக்கிழமை நம்ம கம்பெனி கோல்ஃப் போட்டி. பேரு 'முதுகைக் காப்போம்'. நீங்க எனக்கு ஜோடி. ஜெயிச்சா உங்களைத்தான் விற்பனைக்கே தலைவராப் போடப் போறேன். குடும்பத்தோட வரணும். வீட்டம்மா வரலைன்னா எனக்குக் கோவம் வரும்."

மேனேஜரின் இரண்டு வாழ்க்கையும் ஒரே மைதானத்தில் சந்திக்கப் போகின்றன. அதனால்தான் வெள்ளிக்கிழமை காலையில் அந்த முடிவு.

*

மனைவி கணக்கு டீச்சர். சாப்பாட்டு மேசையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். மேனேஜர் எதிரில் உட்கார்ந்து, காபியைக் கலக்கி, தொண்டையைச் செருமினார்.

"அந்தத் தெரபிஸ்ட் நேத்துப் போன் பண்ணினார்மா. புதுசா ஒரு வைத்தியம் சொல்றார்."

"என்னவாம்?"

"கோல்ஃப்."

சிவப்பு மை பேனா நின்றது. "எது, அந்தப் புல்லுல பந்து தேடற விளையாட்டா?"

"தேடறது இல்லம்மா. அடிக்கறது."

"டிவியில பாத்திருக்கேனே. அடிக்கறது ஒரு நொடி. தேடறதுதான் மிச்ச நேரமெல்லாம்."

"முதுகுத்தண்டை மெதுவாச் சுழற்றணுமாம். சுழற்றினா பிடிப்பு விட்டுடுமாம்."

"பக்கெட்டைத் தூக்கினாப் பிடிச்சுக்கற முதுகு, கம்பைச் சுழற்றினா விட்டுடுமா?"

"பக்கெட் மேல கீழ போறது. இது சுத்தறது. சயின்ஸே வேறம்மா."

"சரிங்க. நான் கணக்கு டீச்சர்தானே, சயின்ஸ் எனக்கு எங்க புரியப் போகுது." அவள் மறுபடி திருத்த ஆரம்பித்தாள். "எங்க போய் ஆடுவீங்க?"

"அதுதான் அதிசயம்! எங்க முதலாளியும் இந்த ஞாயித்துக்கிழமை கோல்ஃப் போட்டி வச்சிருக்கார். நீயும் வரணுமாம். நான் அவருக்கு ஜோடி."

"நீங்க ஆடினதே இல்லையே?"

"இல்லவே இல்லை."

"ஆடத் தெரியாதவரையா முதலாளி ஜோடியாச் சேத்துக்கறார்?"

மேனேஜர் காபியை ஒரு வாய் குடித்தார். நாக்கு சுட்டது. "என் மேல அவருக்கு அவ்வளவு நம்பிக்கை."

"நம்பிக்கைதான் முக்கியம்" என்றாள் டீச்சர்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணே ஒண்ணு. அங்க வந்து என் முதுகு வலியைப் பத்தி மூச்சு விட்டுடாத. மெத்தை மேனேஜருக்கே முதுகு வலின்னா மெத்தையை எவன் வாங்குவான்? என் வேலையே போயிடும்."

"வலியைப் பத்திப் பேசக் கூடாது. அவ்வளவுதானே?"

"அவ்வளவேதான்."

"பேசமாட்டேன்."

காரியம் இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சந்தோஷத்தில் மேசையைத் தட்டினார். ஸ்பூன் கீழே விழுந்தது. மனிதர் யோசிக்கவே இல்லை. ஒரு கை மேசை விளிம்பைப் பிடித்தது. ஒரு கால் பின்னால் நேராக எழும்பியது. உடம்பு தராசுத் தட்டாகச் சாய்ந்தது. ஸ்பூன் கைக்கு வந்தது. நிமிர்ந்தால், டீச்சர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது என்னங்க?"

"எது?"

"அந்தக் கால்."

"மரத்துப் போச்சு. உதறினேன்."

"கொக்கு மாதிரி இருந்துச்சு."

"மரத்துப் போனா அப்படித்தான் இருக்கும்."

டீச்சர் தாளுக்குத் திரும்பினாள். இந்த இடத்தில் அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பரீட்சைக் கூடத்தில் எவனாவது பிட் எடுத்தால் மற்ற வாத்தியார்கள் எடுத்த உடனே பாய்ந்து பிடிப்பார்கள். இவள் பிடிக்கமாட்டாள். பார்த்தும் பார்க்காத மாதிரி நடப்பாள். எழுதட்டும் என்று விட்டுவிடுவாள். முழுசாக எழுதி முடித்து, எழுந்து, சிரித்துக்கொண்டே தாளை நீட்டுவான் பாருங்கள், அப்போதுதான் கையைப் பிடிப்பாள். பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் இது தெரியும். மேனேஜருக்கு மட்டும் தெரியாது. மனைவி பள்ளிக்கூடக் கதை சொல்லும்போதெல்லாம் அவர் முதுகு வலிக்கிறது என்று படுத்துவிடுவார்.

*

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் வெள்ளைத் துணிப் பந்தல் போட்டிருந்தார்கள். குடும்பங்கள் வெயிலில் வாடக் கூடாதென்று மூன்றே குழி ஆட்டம். மூன்றும் பந்தலைச் சுற்றித்தான், கடைசிக் குழி பந்தலுக்கு நேர் எதிரில்.

மேனேஜருக்குத் தொல்லை காரிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டது. மற்றவர்கள் எல்லாரும் புல்லில் நின்று இப்படித் திரும்பி அப்படித் திரும்பி உடம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார்கள். அவருக்கும் தோள் துடித்தது. ஆனால் பக்கத்தில் மனைவி. முதல் தடவை ஆடுகிறவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? சும்மா நின்றார். கோல்ஃப் பையை முதல் நாளே மைதானத்தில் இறக்கிவைத்திருந்தார். "இதுதான் எனக்கு இரவல் தந்த பை போலிருக்கு" என்று சொல்லி, தெரியாதவன் மாதிரி ஒற்றைத் தோளில் மாட்டிக்கொண்டார். தூரத்தில் கோச் தலையில் கை வைத்துக்கொண்டார்.

முதல் குழி. முதலாளி பந்தை உருட்டி உள்ளே தள்ளினார். மட்டையை ஊன்றினார். ஒரு காலைப் பின்னால் தூக்கினார். பந்தலில் இருந்து டீச்சரின் குரல் கேட்டது: "அட! கொக்கு!"

மேனேஜருக்கு வியர்த்தது.

இரண்டாவது குழி. எதிர் ஜோடியில் ஒரு துணி வியாபாரி, ஒரு மருந்துக் கம்பெனிக்காரர். அவர்களும் கொக்கு. பக்கத்துக் குழியில் ஆடிய தொப்பைக்காரர், அவரும் கொக்கு. மைதானம் முழுக்க, வயலில் தண்ணீர் பாய்ச்சிய அன்றைக்குப் போல, காலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். இத்தனை கொக்குகளை ஒரு மனைவி பார்த்தால் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக் கொக்கு ஞாபகத்துக்கு வராதா? இன்றைக்கு என்ன ஆனாலும் காலை மட்டும் தூக்குவதில்லை என்று மேனேஜர் மனதுக்குள் சபதம் செய்தார்.

மூன்றாவது குழி. இரண்டு ஜோடியும் சமம். கடைசித் தட்டு மேனேஜருடையது. எட்டடி தூரம் இருக்கும். பந்தல் மூச்சடக்கியது. பதவி அந்தக் குழிக்குள் உட்கார்ந்துகொண்டு அவரை வா வா என்று கூப்பிட்டது. தட்டினார். பந்து உருண்டது, யோசித்தது, விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றியது, விழுந்தது.

முதலாளி பந்தலுக்கு ஓடி மைக்கைப் பிடித்துக் கத்தினார். பந்தல் கை தட்டியது. மேனேஜர் குழியருகே நடந்தார். மனைவி நேர் எதிரில் உட்கார்ந்து பார்க்கிறாள். கால் தானாக எழும்பப் பார்த்தது. அதை அதட்டித் தரையில் வைத்தார். இரண்டு காலையும் விறைப்பாக ஊன்றி, முதுகை வில்லாக வளைத்து, உலகத்துச் சாதாரண மனிதன் குனிகிற மாதிரி குனிந்தார்.

சடக்.

சத்தம் வெளியே கேட்டிருக்காது. அவருக்குக் கேட்டது. யாரோ இடுப்பில் ஆணியை வைத்து ஒரே அடியில் இறக்கிய மாதிரி இருந்தது. கை குழிக்குள். தலை கீழே. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மூன்று வருடமாகப் புலி வருது, புலி வருது என்றவருக்குப் புலி வந்தேவிட்டது.

"பாருங்க! பாருங்க!" என்றார் முதலாளி மைக்கில். "ஜெயிச்சுக் குடுத்த மண்ணைத் தொட்டுக் கும்பிடறார் நம்ம மேனேஜர்!"

பந்தல் உருகியது. கும்பிடு நீண்டுகொண்டே போனது. நிலைமை புரிந்தது கோச்சுக்கு மட்டும்தான். ஓடிவந்து இடுப்பைத் தாங்கி, அங்குலம் அங்குலமாக நிமிர்த்தி, பந்தலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். மனிதர் மனம் பொறுக்கவில்லை. நேராக டீச்சர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு புலம்பினார்:

"ஏன் சார் நேராக் குனிஞ்சீங்க? ஏன் உடம்பைச் சூடு பண்ணல? ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை தொண்டைத் தண்ணி வத்தச் சொல்லிக் குடுத்தேனே சார்! இந்த மைதானத்துலேயே காலைத் தூக்கறதுல உங்களை அடிச்சுக்க ஆள் இல்லையே!"

டீச்சர் கோச்சைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். புன்னகை செய்தாள். பரீட்சைக் கூடத்துப் பையன்கள் யாராவது அங்கே இருந்திருந்தால் அந்தப் புன்னகையை அடையாளம் கண்டு ஓடியிருப்பார்கள்.

அந்த நேரம் பார்த்து முதலாளி மைக்கை அவளிடம் நீட்டினார். "வீட்டம்மா ரெண்டு வார்த்தை பேசணும்!"

மேனேஜருக்கு ஓட முடியவில்லை. உட்காரவும் முடியவில்லை. நின்றபடியே செத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றாள் டீச்சர். "எனக்குப் பேச வராது. விடையை மட்டும் சொல்றேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரருக்கு முதுகு போச்சு."

முதலாளியின் முகம் சுருங்கியது. போச்சு, எல்லாம் போச்சு என்று மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒரு பக்கெட் தண்ணி தூக்கமாட்டார். பஸ்ஸுல உட்காரமாட்டார். நான் பாக்காத வைத்தியம் இல்லை. கடைசியில உங்க மெத்தையைத்தான் கொண்டுவந்து போட்டோம். இப்ப எல்லாரும் பாத்தீங்களே, எப்படிக் குனிஞ்சு பந்தை எடுத்தார்னு! இங்க எல்லாரும் பயந்து பயந்து காலைத் தூக்கி எடுத்தாங்க. இவர் ஒருத்தர்தான் தைரியமாக் குனிஞ்சார். அவர் அப்படிக் குனிஞ்சு நான் பாத்து மூணு வருஷமாச்சுங்க."

கடைசி வாக்கியத்தில் குரல் கம்மியது. சிரிப்பை அடக்கினால் அப்படிக் கம்மும் என்று பந்தலில் யாருக்கும் தெரியவில்லை. கைதட்டலில் துணிக்கூரை ஆடியது. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண் திறந்த மேனேஜர், உயிர் பிழைத்தவர் மாதிரி மனைவியைப் பார்த்தார். நன்றியில் இரண்டு கையையும் கூப்பினார்.

"இன்னும் ஒரே ஒரு ஆசை பாக்கி" என்றாள் அவள். "எங்க ஹால் ஜன்னலை ஒரு இரும்பு பீரோ மூணு வருஷமா மறைச்சுக்கிட்டு நிக்குது. அதை இவர் கையால தள்ளிப் பாக்கணும்."

முதலாளி துள்ளினார். "படமே எடுத்துடலாம்மா! இதை விட விளம்பரம் எங்க கிடைக்கும்? போன முதுகு திரும்பி வந்துச்சு! புதன்கிழமை கேமராவோட வரோம். விற்பனைத் தலைவர் கையால பீரோ நகருது!"

நன்றி வந்த வழியே திரும்பிப் போனது.

*

காரை மனைவிதான் ஓட்டினாள். கோச் சொல்லிக் கொடுத்தபடி மேனேஜர் முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே வைத்துக்கொண்டார்.

"நிஜமாவே வலிக்குதும்மா."

"தெரியும்."

"நம்பறியா?"

"நம்பாம? வலிக்காதப்போ மூணு வருஷம் தெருவுக்கே கேக்கற மாதிரி 'ஐயோ அம்மா'ன்னீங்க. இன்னிக்குத்தான் வாயே திறக்கல. நிஜமா வலிக்கறவங்களுக்குக் கத்தத் தெம்பு ஏதுங்க?"

மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பப் பார்த்தார். முதுகு விடவில்லை. "எப்பலேருந்து தெரியும்?"

"ரெண்டு கையையும் நீட்டுங்க."

நீட்டினார். வலது கை வெயிலில் காய்ந்து கருத்திருந்தது. இடது கை, ஞாயிறு தோறும் கோல்ஃப் கையுறைக்குள் பத்திரமாக இருந்த கை, மணிக்கட்டு வரை வெளுப்பாக இருந்தது. இரண்டும் வேறு வேறு ஆளின் கை மாதிரி மடியில் கிடந்தன.

"எந்தத் தெரபியிலங்க ஒரு கை மட்டும் கருக்கும்? முதல் கோடையிலேயே பாத்துட்டேன். அப்புறம் அந்த வெந்நீர்ப் பை. கூட வச்ச துண்டோட மடிப்புக் கூடக் கலையாமக் கொண்டுவருவீங்க."

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா நீங்க ஞாயித்துக்கிழமை வீட்டுல இருந்திருப்பீங்க. ஞாயித்துக்கிழமை காலையில நம்ம வீடு எவ்வளவு அமைதியா இருக்கும் தெரியுமா? உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்கதான் இருக்கமாட்டீங்களே."

அவருக்கு வெட்கமாக இருந்தது. மூன்று வருடம் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு அவள் படியேறியது ஒவ்வொரு படியாக ஞாபகம் வந்தது. "தப்புதான்மா" என்றார், உள்ளபடியே.

"தப்புன்னு தெரிஞ்சா திருத்திக்கலாம். பீரோ எங்கயும் போயிடல."

"வலியைப் பத்திப் பேசமாட்டேன்னு சொன்னியே?"

"வலியைப் பத்தி எங்க பேசினேன்? குணமானதைப் பத்தித்தானே பேசினேன்."

"இந்த நிலைமையில பீரோவைத் தள்ள முடியாது. முதலாளிகிட்டச் சொல்லிடு."

"என்னன்னு சொல்றது? மெத்தை குணப்படுத்தின முதுகு மதியமே போயிடுச்சுன்னா? பதவி வேணாமா?"

மேனேஜர் யோசித்துப் பார்த்தார். வலி என்று ஆபீஸில் சொன்னால் பதவி போகும். எதிர்வீட்டு அம்மாளிடம் சொன்னால் "இன்னுமா?" என்பாள். ஒரு மனிதனுக்கு நிஜமான முதுகு வலி வந்து, அதைச் சொல்ல உலகத்தில் ஓர் ஆள் இல்லாமல் போனது அன்றைக்குத்தான்.

டாக்டர் பார்த்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை, தசை பிடித்துக்கொண்டது, மெதுவாக நடமாடலாம், கனம் தூக்கக் கூடாது, கோல்ஃபைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள் என்றார்.

*

புதன்கிழமை கேமரா வந்தது. அதற்குள் டீச்சர் பீரோவைக் காலி செய்து, நாலு காலுக்கு அடியிலும் சோப்பைத் தேய்த்து வைத்திருந்தாள். கோச்சும் வந்திருந்தார். கேமராவுக்குத் தெரியாமல் பீரோவுக்குப் பின்பக்கம், ஜன்னலை ஒட்டிய இடுக்கில், அவர் ஒரு மூலை, டீச்சர் ஒரு மூலை.

"கையை மட்டும் வைங்க, தள்ளாதீங்க" என்று பின்னாலிருந்து கிசுகிசுத்தாள் மனைவி. "மூச்சு விடறது கூட மெதுவா."

மேனேஜர் ஒற்றை உள்ளங்கையைப் பீரோ மேல் வைத்தார். பீரோ நகர்ந்தது. வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி நகர்ந்தது. மூன்று வருடம் காத்திருந்த வெயில் ஜன்னல் வழியாக ஹாலுக்குள் தடதடவென்று வந்தது.

"ஒத்தைக் கையால!" முதலாளி அழாத குறை. "அம்மா, இந்தக் குடும்பத்துக்கு நான் என்ன செய்யணும், கேளுங்க!"

டீச்சர் முழங்கை தூசியைத் தட்டிக்கொண்டே வந்தாள். "பெருசா ஒண்ணும் வேணாங்க. அந்த மைதானத்துல பொம்பளைங்களைச் சேத்துப்பாங்களா?"

"குடும்பத்துக்கே உறுப்பினர் அட்டை போட்டுத் தரேன்மா!"

"அம்மாவுக்கு நிக்கறதே அழகா நிக்க வருது சார்" என்றார் கோச் மேனேஜருக்கு மட்டும் கேட்கும்படி, பீரோவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு. "பீரோவைப் பிடிச்சாங்க பாருங்க, முதுகு ஒரு நூல் வளையல. கால்லதான் முழு பலமும்."

எல்லாரும் போன பிறகு மேனேஜர் மெதுவாகக் கேட்டார். "இவ்வளவு லேசா நகருதே. இதை நீ எப்பவோ தள்ளியிருக்கலாமே?"

"தள்ளியிருக்கலாம். ஆனா கத்தினது நீங்க. கத்தினவர் கை வைக்காம இது நகரக் கூடாதுன்னு இருந்தேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, விற்பனைத் தலைவர் ஹால் ஜன்னலை ஒட்டிக் கட்டிலில் போட்ட தன் பழைய பலகையில் படுத்திருந்தார். வீடு உண்மையிலேயே அமைதியாகத்தான் இருந்தது. படுக்கையறைக் கதவு திறந்தது. மனைவி தலையில் அவருடைய தொப்பி. இடது கையில் அவருடைய கையுறை.

"எங்கம்மா கிளம்பிட்ட?"

"தெரபிக்கு."

"உனக்கு என்ன வலி?"

"மூணு வருஷமா உங்க முதுகைச் சுமந்தேனே, வலிக்காதா?" குனிந்து, வெந்நீர்ப் பையை அவர் இடுப்புக்கு அடியில் பதமாகச் செருகினாள். ஒரு கால் அழகாகப் பின்னால் எழும்பி இறங்கியது. "ஆறிடறதுக்குள்ள வந்துடறேன்."

கீழே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. மேனேஜர் தலையை மட்டும் திருப்பினார். மூன்று வருடம் பீரோ மறைத்திருந்த ஹால் ஜன்னலிலிருந்து தெரு பளிச்சென்று தெரிந்தது. அந்தத் தெருவில் அவருடைய காரும், காருக்குள் அவருடைய கோல்ஃப் பையும் அவர் மனைவியோடு போய்க்கொண்டிருந்தன.